விட்டுவைத்தல்

சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் தொடர்ந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று துண்டுதுண்டாகவே எஞ்சியிருக்கிறது. அத்துண்டுகளில் பலவும் ஐயனார், அம்மன் பேரால் பிழைத்தவை. புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள புத்துப்பட்டுக் கோயில்காடு நான் பார்த்தவற்றுள் ஒன்று. வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நெடிய வறட்சி. ஆயினும் காசாவும் வீரையும் ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. தோல் போன்று தடித்த இலைகளோடு பசுமையாகவே நிற்கின்றன.

இத்தகைய காடுகளில் காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக்கூடாது என்பது பல ஊர்களின் விதி. விழுந்த கிளையைக் கறையான் அரிக்கிறது, காளான் பூக்கிறது, மண்ணில் மட்கு சேர்கிறது. சின்னானும் மரநாயும் பழம் தின்று எச்சத்தோடு இடும் விதை அந்த நிழலில்தான் முளைக்கிறது. வெளியே, வெயிலில் விழுந்தது கருகிவிடும்.

இதை முன்னோரின் சூழலியல் ஞானம் என்று கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அங்கே செயல்பட்டது தெய்வ பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு தார்மீகப் பண்பு இருந்தது. சாதியால் பிளவுண்ட ஊரில், கொள்கையளவிலேனும், மிராசுதாரின் கோடரியையும் கூலிக்காரியின் கையையும் அது சேர்த்தே தடுத்தது. இருவர் இழந்ததும் சமமில்லை என்பது வேறு விஷயம். அவருக்கு அது ஒரு அனுஷ்டானம். அவளுக்கு ஒருவேளை உலை.

இன்று பயம் கரைந்துவிட்டது. காசுள்ளவர்கள் பக்தியின் பேராலேயே மரங்களை வெட்டிக் கான்கிரீட் மண்டபம் எழுப்புகிறார்கள்; அதைத் திருப்பணி என்கிறோம். சுள்ளி பொறுக்குகிறவளைத்தான் இன்னும் விரட்டுகிறோம். புனிதம் என்ற சொல் அப்படியே இருக்கிறது. அதன் பாரம் முழுவதும் அவள் தலைக்கு வந்துவிட்டது.

விட்டுவைத்தல் என்ற செயலுக்கு, எடுக்கச் சக்தி உள்ளவன் எடுக்காமலிருப்பது என்றே அர்த்தம் கொள்கிறேன். எரிவாயுவில் சமைக்கிற நான் சுள்ளியைத் தொடாதிருப்பதில் எந்த அறமும் இல்லை. சுள்ளி காட்டுக்கு வேண்டும் என்பது உண்மையே. அந்த உண்மையை அவளிடம் சொல்லும் தகுதி, மண்டபத்தைத் தடுத்த பிறகுதான் நமக்கு வரும்.