ஓடையும் ஊழும்

சிட்னி மாநகருக்குத் தெற்கே, மேற்கில் மதில்போல் எழுந்து நிற்கும் மலைச்சரிவுக்கும் கிழக்கில் பசிபிக் மகாசமுத்திரத்துக்கும் நடுவே, நாடாவை விரித்துப் போட்டதுபோல் நீண்டு கிடக்கும் ஊர் வொல்லொங்கொங். நகருக்குள் நதி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, ஓடைகளே உண்டு. திரூலில் ஹியூயிட்ஸ் ஓடை, அதற்குத் தெற்கே டௌராஜி ஓடை, இன்னும் தெற்கே ஃபேரி ஓடை என்று அடுத்தடுத்து வரும் அவற்றை, வறண்ட நாட்களில் பள்ளிச் சிறுவன் புத்தகப் பையோடு தாண்டிவிடுவான். அதே நகரசபையின் வட எல்லையில், ஹெலன்ஸ்பர்க்கில், வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். அவரைச் சேவித்துவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே இறங்கும் நம்மவர்கள் எத்தனை ஓடைகளைக் கடந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணாதவன்தான். ஒரு நாள் மட்டும் ஏதோ தோன்றிக் காரை நிறுத்தி, ஒரு சிறுபாலத்தின் அருகே இறங்கி நின்றேன். கணுக்கால் நனையாத நீர். பாலத்தின் கான்கிரீட் வாயில் யூகலிப்டஸ் கிளை ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் காய்ந்த புல், பிளாஸ்டிக் பை, ஒரு குழந்தையின் செருப்பு. என்றோ வந்த நீர் விட்டுப்போன அந்தக் குப்பை என் இடுப்பளவு உயரத்தில் இருந்தது.

அந்த ஊரில் ஒவ்வோர் ஓடைக்கும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் வெள்ள ஆய்வு என்று ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுதுவார்கள். எழுதியதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் கேட்பார்கள். தேசப்படத்தைப் போல் விரிக்கப்பட்ட அந்தத் தாளின் முன் வந்து நிற்பவர்களில் யாரும் முதலில் ஓடையைத் தேடுவதில்லை. தம் வீட்டைத்தான் தேடுகிறார்கள். விரல் தெருமுனையிலிருந்து மெல்ல நகர்ந்து, நீல வர்ணத்தின் ஓரத்துக்கு வந்து, அங்கே தயங்கி நிற்கிறது. முந்தைய ஆய்வில் கோட்டுக்கு வெளியே இருந்த வீடு இந்த ஆய்வில் உள்ளே வந்திருக்கும். உள்ளே இருந்தது வெளியே போயிருப்பதும் உண்டு. இடையில் ஒரு துளி மழைகூட அதிகமாகப் பெய்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் மாறியது எது? வீடு மாறவில்லை, ஓடை மாறவில்லை, வானமும் அன்று இருந்த வானந்தான். மனிதனுடைய அறிவு மட்டும் ஓர் அங்குலம் நகர்ந்திருக்கிறது. அதற்கே ஒரு குடும்பத்தின் நிம்மதி குலைகிறது என்றால், அறிவதற்கும் அனுபவிப்பதற்கும் உள்ள சம்பந்தத்தைச் சற்று விசாரிக்கத்தான் வேண்டும்.

1998-ஆம் வருஷம் ஆகஸ்ட் 17-ஆம் தேதி அந்த மலைச்சரிவின்மேல் பெய்த மழை, கீழே இறங்கும்போது மரங்களையும் கற்களையும் வேலிகளையும் கார்களையும் உருட்டிக்கொண்டு வந்து, சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் இருந்த சிறுபாலங்களின் வாயை அடைத்துவிட்டது. அடைபட்ட நீர் தன் பழைய வழியை விட்டுத் தெருக்களையே ஓடையாக்கிக்கொண்டது. அதற்கு முன் கணக்கிட்டவர்கள் பாலத்தின் வாய் திறந்தே இருக்கும் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். கணக்கில் பிழை இல்லை, வைத்துக்கொண்டதில்தான் பிழை. அந்த அனுபவத்துக்குப் பின் நகரசபை ஒரு கடுமையான விதியை வகுத்தது: மூலைக்கு மூலை 6 மீட்டருக்குக் குறைந்த வாயுள்ள பாலங்கள் எல்லாமே முழுக்க அடைபடும், பெரியவை கால் பங்கு அடைபடும் என்று கொண்டே வெள்ளத்தை மதிப்பிட வேண்டும். எல்லா வாய்களும் ஒரே சமயத்தில் அடைபடுமா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. 2016-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஓடை ஓடையாக ஆய்வுகள் மீண்டும் எழுதப்பட்டன. பயம் ஒரு கோட்டை இழுத்தது, நிதானம் அதைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தியது என்று சொல்லலாம். இரண்டில் எது சத்தியம் என்று கேட்டால் எனக்கு விடை சொல்லத் தெரியாது. இரண்டாவது கோட்டை இழுத்தவர்களுக்கு அதிக மனத்துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது.

இந்தப் பாலத்து வாய் விவகாரம் நம் தர்க்க சாஸ்திரத்துக்குப் புதிதன்று என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது. நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய பாஷ்யம் அனுமானப் பிரமாணத்துக்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஆறு பெருகி வருவதைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று ஊகிப்பது. உடனே பூர்வபட்சக்காரன் எழுந்து மறுக்கிறான்: ஆறு பெருகியது மழையால்தான் என்று எப்படிச் சொல்வாய், கீழே எங்கோ அடைப்பு ஏற்பட்டிருந்தாலும் நீர் உயருமே, ஆகையால் அனுமானம் பிரமாணமே ஆகாது என்று. அதற்குச் சித்தாந்தி சொல்லும் சமாதானம், கரையில் நின்று நெடுநேரம் பார்த்தவன் சொல்வதாக இருக்கிறது: அடைப்பால் உயர்ந்த நீர் வேறு, மழையால் பெருகிய நீர் வேறு; பின்னதில் வேகம் இருக்கும், நுரை இருக்கும், பழமும் இலையும் கட்டையும் மிதந்து வரும். வாத்ஸ்யாயனருடைய பாஷ்யத்தில் வரும் அந்தக் கட்டையே சிறுபாலத்தின் வாயில் சிக்கி இரண்டாவது காரணத்தையும் உண்டாக்கிவிடும் என்பதை மட்டும் இரு கட்சியாரும் எண்ணவில்லை. மழையும் அடைப்பும் அவர்களுக்கு எதிரெதிர்க் காரணங்கள்; வொல்லொங்கொங் ஓடைக்கோ அவை தாயும் சேயும்.

மணிமேகலையிலும் இந்த அனுமானம் வருகிறது. சமயவாதிகளின் கொள்கைகளைக் காவிய நாயகி கேட்கும் பகுதியில், வெள்ளத்தைக் கண்டு மேலே பெய்த மழையைத் துணிவதற்கு ‘எச்சம்’ என்று பெயர் சொல்லப்படுகிறது. ஆனால் அதே காவியத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்குக் காரணம், மகனை இழந்த துயரில் அரசன் இந்திர விழாவை மறந்தான் என்பது. ஒரே நூலில் வெள்ளத்துக்கு இரண்டு பாஷைகள்: ஒன்று ஹேதுவைத் தேடுகிறது, மற்றொன்று குற்றத்தைத் தேடுகிறது. முன்னது பகுத்தறிவு, பின்னது மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. ஆற்ற வேண்டிய ஒரு கடமையை யாரோ மறந்ததனால் ஊர் மூழ்கிற்று என்னும் எண்ணத்தில் உள்ள நீதியுணர்வுதான், இன்று பாலத்து வாயைச் சுத்தம் செய்ய மறந்தவர் யார் என்றும் கேட்கிறது.

யோக வாசிஷ்டத்தில் வசிஷ்டர் இராமனுக்கு உபதேசிக்கும்போது, தைவம் என்று உலகம் அஞ்சுவது முன்பு நாமே செய்த புருஷகாரத்தைத் தவிர வேறில்லை என்று சாதிக்கிறார். வேதாந்தப் பரிபாஷையில் இது சூட்சுமமான விஷயமாக இருக்கலாம். ஓடைக்கரையில் நின்றால் கண்ணுக்கே தெரிகிறது. அந்தக் கடற்கரையின் ரயில் பாதை 1880-களில் போடப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் குறுக்கே மறித்து மண்மேடு எழுப்பி, அடியில் வாய் விட்டுப் போனார்கள். போட்டவர்களில் ஒருவரும் இன்று இல்லை. அவர்களுடைய முயற்சி, மண்மேட்டுக்கு மேல்புறம் இன்று குடியிருப்பவனுக்கு ஊழாகி நிற்கிறது. தண்ணீர் முற்றத்தில் ஏறும்போது அவன் வானத்தைப் பார்த்துப் புலம்புகிறான். பார்க்க வேண்டியது மேட்டை.

ஆங்கிலச் சட்டத்திலும் தெய்வச்செயல் என்றொரு சமாதானம் உண்டு. 1876-இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் வழக்கில், ஒரு சீமாட்டியின் அலங்காரக் குளங்கள் பெருமழையில் உடைந்து கீழிருந்த பாலங்களை அடித்துக்கொண்டு போனபோது, அத்தகைய மழையை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரசபை, குழந்தைகள் கால் நனைத்து விளையாட ஓர் ஓடையின் போக்கை மாற்றிக் குளம் கட்டியிருந்தது. அபூர்வமான மழையில் அது பொங்கி ரயில்வேக்குச் சேதம் விளைந்தபோது, இயற்கை வழியை மறித்தவர்கள் தெய்வத்தின்மேல் பழிபோட முடியாது என்று 1917-இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஒரு வழக்கைவிட மற்றொன்றில் மழை குறைவு என்பதனால் அன்று. நாற்பது ஆண்டுகளில் தெய்வத்தின் கணக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு பகுதி மனிதனுடைய கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது. வெள்ள ஆய்வைத் திருத்துவது என்பதும் இந்தக் கணக்கு மாற்றந்தான் என்பது என் கருத்து. அறியாதபோது ஊழாக இருந்தது, அறிந்த மறுநாளே வினையாகிவிடுகிறது; அந்நிமிஷம் முதல், பள்ளத்தில் வீடு கட்ட அனுமதித்தவனும், கட்டி விற்றவனும், தெரிந்தே வாங்கியவனும் அதில் பங்காளிகள். மக்கள் புதிய ஆய்வை வெறுப்பதற்கு மனையின் விலை குறைவது மட்டும் காரணமில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிக்கொள்ளும் பழைய உரிமை பறிபோகிறதே, அதுவும் காரணம்.

ஆனால் இந்த அறிவு எத்தகையது? சதபத பிராமணத்தில் மனுவின் கைக்கு வந்த மீன், இன்ன ஆண்டில் பிரளயம் வரும், ஓடம் செய்து வை என்று சொல்லிற்று. ஆய்வு ஆண்டு சொல்வதில்லை. எந்த ஆண்டிலும் நூற்றுக்கு ஒரு பங்கு சம்பவிக்கக்கூடிய வெள்ளம் என்கிறது. நூறாண்டு வெள்ளம் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லப்போய், போன வருஷம் வந்துவிட்டது, இனிப் பேரன் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதி அடைந்தவர்கள் ஏராளம். எழுபது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தால் அதைச் சந்திப்பதற்கும் சந்திக்காமல் போவதற்கும் ஏறக்குறையச் சரிபாதி வாய்ப்பு. அந்த மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் கூட்டித் தரையை உயர்த்தச் சொல்வார்கள்; தன் கணக்கையே முழுக்க நம்பாத அந்த அரை மீட்டரை நான் மிகவும் மதிக்கிறேன். இப்போது அந்த நூற்றுக்கு ஒன்றும் நிலையாக இல்லை. காற்று சூடேற ஏற அது தாங்கும் நீராவி, ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு ஏழு பங்கு வீதம் கூடுகிறது. மழைக்கணக்குக்கு ஆஸ்திரேலியர் 1958 முதல் வைத்திருக்கும் வழிகாட்டி நூலில் இதற்குரிய அத்தியாயம் 2024-இல் புதிதாக எழுதப்பட்டது.

சிறுபாலத்தருகே நான் நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். வெள்ள ஆய்வு திருத்தப்படுகிறபோது, நீர் எதுவரை வந்தது என்று குடியிருப்பவர்களைக் கேட்டு, அதை வைத்தே கணக்கைச் சரிபார்ப்பார்களாம்; அனுமானத்துக்குப் பிரத்யட்சம் சாட்சி. தம் கார்க் கொட்டகைக் கதவைத் திறந்து அதன் உட்புறத்தைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் 1998 என்று எழுதியிருந்தது. அதிகாரிகளுக்கு அதைக் காட்டியதிலிருந்து அடுத்த வீட்டுக்காரர் தம்மோடு பேசுவதில்லை என்றார். பிறகு, வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட உத்தேசம் என்றும், தரகர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, கதவுகளுக்கு மட்டும் ஒருமுறை பெயின்ட் அடித்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார் என்றும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெயின்ட் டப்பா அங்கேயே, மூடி திறக்காமல், கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.