மூச்சும் உரிமையும்

ஆற்றிலே ஒருவன் வயிறார நீரருந்துவதனால் மற்றொருவனுக்கு இழப்பெதுவும் நேர்வதில்லை. அவன் அகன்ற பின்னரும் ஆறு முழுமையாகவே ஓடிக்கொண்டிருக்கும். 1689 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அரசியல் நூலிலே, பொதுச் செல்வத்திலிருந்து ஒருவன் தனக்கென எடுத்துக்கொள்ளும் உரிமையை யோன் லொக் இத்தகைய உவமை கொண்டு விளக்கினார். காற்றைப் பற்றியும் மனிதர் நெடுங்காலமாக இவ்வாறே எண்ணி வந்துள்ளனர். வெட்டவெளியில் இவ்வெண்ணம் பொருந்தலாம். அடைத்த அறையிலோ ஒருவர் வெளிவிட்டதையே அடுத்தவர் உள்ளிழுக்க வேண்டியுள்ளது.

மியூனிக் நகரின் சுகாதாரவியலாளர் மக்ஸ் வொன் பெற்றன்கோபர் 1858 இல் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். அறைக்காற்றில் காபனீரொட்சைட்டு ஆயிரத்தில் ஒரு பங்கை விஞ்சலாகாது என்பது அவர் கண்ட எல்லை. அவ்வளவில் அவ்வாயு நஞ்சாகும் என்பது அவர் கருத்தன்று. மனித உடலிலிருந்து வெளியேறும் ஏனைய கழிவுகள் எவ்வளவு தேங்கியுள்ளன என்பதைக் காட்டும் அடையாளமாகவே அதனை அவர் கொண்டார்.

இங்கு விசித்திரமானதோர் அறநிலை தோன்றுகின்றது. தீங்கு நிகழ்கின்றது; ஆயின், தீங்கு செய்தவர் எனச் சுட்டுதற்கு அறையினுள் எவருமிலர். மூச்சுவிடாதிருத்தலை எவருக்கும் கடமையாக விதித்தல் இயலாது. எனவே பொறுப்பானது யன்னலை அடைத்தவரை, அன்றித் திறக்கவொண்ணாத யன்னலை வரைந்தவரைச் சென்று சேர்கின்றது.

அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, மேலைநாடுகளிற் சக்தியைச் சேமித்தல் நாட்டுக் கடமையாகவே கருதப்பட்டது. அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமாகிய அஷ்ரே 1981 இல் வெளியிட்ட நியமம், புகைபிடித்தல் இல்லாத அலுவலகங்களில் ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்றே போதுமென்றது. 1989 இல் அதே சங்கம் அவ்வளவை 20 கன அடியாக உயர்த்த நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் தலைவலி, கண்ணெரிவு, சோர்வு எனப் பலர் முறையிட்டனர். கட்டடத்தை விட்டு வெளியேறியதும் இவை தணிந்தன. தளபாடங்களும் விரிப்புகளும் உமிழ்ந்த ஆவிகளும் இதற்குக் காரணமாயின. மருத்துவர் நோயை மனிதருக்கன்றிக் கட்டடத்துக்கே சூட்டிப் பெயரிட்டமை கவனிக்கத்தக்கது. உரிமையாளரின் கணக்கிலே மிச்சமாகப் பதியப்பட்ட தொகை, எழுதுவினைஞரின் தலைவலியாகச் செலுத்தப்பட்டது எனலாம்.

ஆயினும் யன்னலைத் திறந்துவிடுவதோடு வழக்கு முடிந்துவிடுவதில்லை. குளிரூட்டிய காற்று வெளியேறின் அதனை ஈடுசெய்ய மின்சாரம் வேண்டும். இலங்கையில் அம்மின்சாரத்தின் ஒரு பகுதி, 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுகின்றது. அறையினுள் இருப்போரின் தூய காற்று, அவ்வறையை ஒருபோதும் காணாத மற்றொருவரின் காற்றைக் கெடுத்துப் பெறப்படுமாயின் அதனை உரிமையென்பதா, சலுகையென்பதா? வெளியேறும் காற்றின் குளிர்மையை உட்புகும் காற்றுக்கு மாற்றும் பொறிகள் இம்முரணைப் பெருமளவு தணிப்பன, அவற்றுக்கு விலையுண்டு. இவ்விடத்தில் வினா, எது நன்று என்பதிலிருந்து யார் செலுத்துவது என்பதற்கு மாறிவிடுகின்றது.

நமது நாற்சார் வீடுகளை விடையாகக் காட்டுவோர் பலர். நடுமுற்றமும் தாழ்ந்த தாழ்வாரமும் மின்சாரமின்றியே காற்றை அசைத்தன என்பது உண்மை. எனினும், அவ்வீட்டின் அடுக்களையில் விறகுப் புகையைச் சுவாசித்தவர் யாரென இப்புகழுரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. திண்ணைக்குக் கிடைத்த காற்று அடுப்படிக்குக் கிடைக்கவில்லை.

இன்று அலுவலகங்களின் சுவர்களிற் பொருத்தப்படும் சிறு வளிச்சீராக்கிகள் பெரும்பாலும் வெளிக்காற்றை உட்கொணர்வதில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்வித்து, வெப்பத்தைத் தெருவில் நிற்பவர்மீது தள்ளுகின்றன. குளிர்மையைத் தூய்மையென உடல் எளிதில் மயங்கிக்கொள்கின்றது. பெற்றன்கோபரின் எல்லையைக் காட்டும் கருவியை இன்று கைக்குள் அடக்கிவிடலாம். விரிவுரை மண்டபமொன்றின் சுவரில் அதனை மாட்டினால், எண் ஏறுவதை மாணவர் அனைவரும் காண்பர். யன்னலின் திறப்போ நிருவாக அலுவலகத்தில் இருக்கும்.