பழுதும் கணக்கும்

பழுதான பொருளைச் சரிசெய்து வைத்துக்கொள்வது நல்லது என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் நல்லது என்று கேட்டால், பணம் மிச்சம் என்கிறோம். இந்தப் பதிலை நான் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. என் வீட்டு மின்விசிறி சோதிக்க வைத்தது.

இருபது வருஷத்து விசிறி. இந்தக் கோடையில் வேகம் குறைந்து, பிறகு தானாகச் சுற்றவே மறுத்தது. குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றும். கண்டென்சர் தளர்ந்துவிட்டதன் அடையாளம் இது. மோட்டாரில் உள்ள இரண்டு காயில்களில் ஒன்றின் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளிச் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குவது அந்தச் சிறு டப்பிதான். அது போனால், மோட்டார் கெடாமலே விசிறி நின்றுவிடுகிறது.

பழுது பார்க்க வந்தவர் பேரிங்குகளையும் மாற்றச் சொன்னார். சாமான் 260 ரூபாய். கூலி 300 கேட்டார். பேசி 200 ஆக்கினேன். புது விசிறி, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரகம், 3000 ரூபாய். எனக்கு 2540 மிச்சம். அந்தத் திருப்தி சாயங்காலம்வரை இருந்தது.

பிறகு கணக்கை முழுதாகப் போட்டேன். பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது. புது ரகத்துக்கு 30 வாட் போதும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம். யூனிட் ஐந்து ரூபாய் என்று கொண்டால் 1000 ரூபாய். என் மிச்சம் இரண்டரை வருஷத்தில் கரைந்துவிடும். ஆக, எந்தக் கணக்கு பழையதைக் காப்பாற்றச் சொன்னதோ, அதையே கொஞ்சம் நீட்டினால் அது பழையதைத் தூக்கி எறியச் சொல்கிறது. பழுது பார்ப்பதற்குச் சிக்கனத்தை மட்டுமே நியாயமாகச் சொல்பவன் இதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

இதைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. கண்டென்சருக்கும் பேரிங்குக்கும் நான் பேரம் பேசவில்லை. அவற்றுக்கு விலை எழுதியிருந்தது. எழுதப்படாதிருந்தது ஒரு மனிதனின் இரண்டு மணி நேரம்தான். அதில்தான் கை வைத்தேன். மனித நேரம் விலையேறிய தேசங்களில் பழுது பார்ப்பது அருகிவிடுகிறது. ஸ்வீடன் 2017இல் சைக்கிள், செருப்பு, துணி ஆகியவற்றைச் சரிசெய்வதற்கான வரியை 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைத்து அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. நம்மிடம் அது இன்னும் உயிரோடிருப்பதை நம் பண்பாடு என்று சொல்லிக்கொள்கிறோம். கூலி மலிவு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

ஜே. சி. குமரப்பா (1892–1960) லண்டனில் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். கணக்கு தெரியாமல் பேசியவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. ஒரு பொருள் எந்த விதத்தில் உண்டாக்கப்பட்டதோ, அந்த விதத்தின் நன்மை தீமைகளும் அதனோடு சேர்ந்தே நம் வீட்டுக்கு வருகின்றன, வாங்குபவனுக்கும் அதில் பொறுப்புண்டு என்பது அவர் வாதம். கடையில் வாங்கும் துணிக்கும் அரிசிக்கும் அவர் சொன்னது இது. பழுது பார்த்த விசிறிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நான் குறைத்த நூறு ரூபாயும் இப்போது என் கூரையில் சுற்றுகிறது.

இனி, நடந்ததில் நான் கணக்கில் எடுக்காத பகுதி. தரையில் செய்தித்தாள் விரித்து அவர் விசிறியைப் பிரித்தார். இருபது வருஷமாக நான் பார்த்தேயிராத உள்பக்கம்: அடர்ந்த தூசி, அதனடியில் செம்புக் கம்பிச் சுற்றுகள். பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றி, காதருகே வைத்துக் கேட்டார். காயில்களை மீட்டரில் சோதித்துவிட்டு, “காயில் நல்லா இருக்கு சார், கை வைக்க வேணாம்” என்றார்.

காயில் எரிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். கம்பி சுற்றும் செலவென்று இன்னும் எழுநூறு, எண்ணூறு வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது; தெரிந்துகொள்ள வழியுமில்லை. அந்த அறையில் என் பணத்தைக் காப்பாற்றியது என் சிக்கனமோ சாமர்த்தியமோ இல்லை, அவருடைய வாயிலிருந்து வந்த ஒரு உண்மை. அதைக் கேட்ட பிறகுதான் நான் கூலியைக் குறைத்துப் பேசினேன்.

மறுநாள் நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். “எதுக்கு சார்? பேசினதுதான் குடுத்திட்டீங்களே” என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். “சரி, அடுத்த வேலையில கழிச்சுக்கலாம்” என்று நோட்டில் என் பெயரை எழுதி, எதிரே 100 என்று வரவு வைத்தார்.

தீர்க்கப்போன கடன் அவர் நோட்டில் எனக்கு வரவேண்டியதாக இருக்கிறது. விசிறி நன்றாக ஓடுகிறது.