விற்காதிருத்தல்

பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். யாரையும் கைநீட்டி அடித்தவரல்ல. எடையில் குறைத்தார் என்றும் பேச்சில்லை. 1950களின் கடைசியில் ஆறு வாரம் அவர் சேரிக்காரர்களுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் விற்கவில்லை. சேரியிலிருந்து ஒருவர், தன் தகப்பன் பெயரில் பட்டா இருந்து, ஆனால் பெரிய வீட்டுக்காரர்கள் உழுதுவந்த இரண்டு ஏக்கரில், தானே ஏர் பூட்டிவிட்டார். ஊர் கூடியது. கூலிக்குக் கூப்பிட வேண்டாம், அந்தப் பக்கம் மடை திறக்க வேண்டாம், வரப்பில் நடக்கவிட வேண்டாம், கடையில் சாமான் தர வேண்டாம். எல்லாமே ‘வேண்டாம்’கள்தான், செய்ய வேண்டியது என்று ஒன்றுகூட இல்லை. ஏழாவது வாரம் அந்த மனிதர் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்தார். கடையில் மறுபடி உப்பு கிடைத்தது.

பிற்காலத்தில் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், ‘நான் என்ன செஞ்சேன்? விக்கல, அவ்வளவுதானே’ என்று முடிப்பார். இந்த ‘அவ்வளவுதானே’ பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

அந்த இரண்டு ஏக்கர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி எல்லாம் அந்த ஜில்லாவில்தான் இருந்தன. அறிக்கையில் என்னை நிறுத்திவைப்பது வறுமையின் வர்ணனை அல்ல, வறுமை இயங்கும் விதம். தரிசு கேட்டு ஒருவன் மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. மனுப் போட்டவனின் குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையதாகவே இருக்கும். ஆகவே நிலம் கேட்டவன் வீட்டையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழி வந்ததே. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோரைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை. காகிதத்தில் இதைவிட உறுதியான பூட்டுப் போட முடியாது. ஆனால் விற்கக் கூடாது என்று சட்டம் நிலத்தைப் பற்றிச் சொல்லிற்று. உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பாடு வந்த சட்டங்களும் இப்படித்தான். 1955 ஜனவரியில், தாத்தாவின் கடையிலிருந்து வெகுதூரமில்லாத ஆவடியில், காங்கிரஸ் மகாசபை கூடி சோஷலிஸ பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் முப்பது ‘ஸ்டாண்டர்ட்’ ஏக்கர் என்றது, 1970இல் அது பதினைந்தாயிற்று. ஒருவன் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்ட சட்டங்கள் இவை. நிலம் கிடைத்தவன் விதைக்கும், மாட்டுக்கும், மடைத் தண்ணீருக்கும் யார் வாசலில் போய் நிற்பான் என்ற கேள்வி அவற்றில் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் நான் ஜிம்பாப்வே பற்றிப் படிக்கப் போனேன். 1930இன் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் பாதியளவு மண்ணை, அதுவும் நல்ல மண்ணை, விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளையர்களுக்கு ஒதுக்கிற்று. 1979 லண்டன் ஒப்பந்தப்படி, விற்க இஷ்டப்பட்டவரிடம்தான் பத்து வருஷத்துக்கு நிலம் வாங்கலாம். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. 1997இல் பிரிட்டிஷ் அரசு, நிலம் வாங்கும் செலவில் தனக்கு விசேஷப் பொறுப்பு எதுவும் இல்லை என்று கடிதம் எழுதிற்று. 2000இல் பண்ணைகள் பலவந்தமாக எடுக்கப்பட்டன. 2001 கடைசியில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: சர்வதேச நிதி ஸ்தாபனங்களில் ஜிம்பாப்வேக்குக் கடன் கொடுக்க அதன் பிரதிநிதி எதிர்த்து வாக்களிக்க வேண்டும். 2002இல் ஐரோப்பாவின் தடை. இரண்டு தரப்பும் சொன்ன காரணம் நிலமல்ல. தேர்தல் அராஜகமும் அடக்குமுறையும். அது பொய்க் காரணமும் அல்ல.

நிலம் பெற்றவனுக்குக் கிடைத்தது அனுமதிச் சீட்டு அல்லது குத்தகைப் பத்திரம். அதை ஈடாக வைத்து வங்கி கடன் தராது. நிபந்தனைப் பட்டாவை வைத்துக்கொண்டு விதைக்கடன் கேட்டுப் போன எங்கள் பக்கத்து மனிதரை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. தடை சில பெயர்களின்மேல் மட்டும்தான் என்றார்கள். ஆனால் பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்களோடும் கொடுக்கல் வாங்கல் வைக்க வெளிநாட்டு வங்கிகள் தயங்கின. யாரும் உத்தரவிடவில்லை, ஒவ்வொருவரும் தமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கினார்கள். ஊர்க்கட்டுப்பாடு இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சாயல் இத்தோடு உடைகிறது. முகாபே சேரி மனிதரல்ல. நல்ல பண்ணைகள் பல மந்திரிகளுக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் போயின. மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்களின் வழியில் பிறந்த பண்ணைக் கூலிகள், வெள்ளைக்காரனோடு சேர்த்து வெளியேற்றப்பட்டார்கள், நிலமும் இல்லாமல் கூலியும் இல்லாமல். தடை வருவதற்கு முன்பே பழைய பாக்கிக்காக உலக வங்கி கடனை நிறுத்தியிருந்தது. 2008இன் பணவீக்கத்துக்கு அச்சடித்த நோட்டுக்கும் பங்குண்டு. எல்லாவற்றுக்கும் தடைதான் காரணம் என்று ஆட்சியாளர்கள் சொன்னார்கள். தடை அவர்களுக்கு ஒரு நல்ல நிழலாக இருந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்பாப்வே தடைத் திட்டத்தை முடித்து, பதினொரு பேர்மேலும் மூன்று நிறுவனங்கள்மேலும் மட்டும் வேறொரு திட்டத்தின் கீழ் தடை வைத்துக்கொண்டார். 2001இன் சட்டமோ அதோடு போய்விடவில்லை.

ஆகவே விற்காதிருத்தல் எப்போதும் அக்கிரமம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1946இல் தென்னாப்பிரிக்கா, ஆசியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டது. அந்த ஜூலையில் இந்தியா அதனோடு வியாபாரத்தை நிறுத்திற்று. அந்த நாட்டின்மேல் அப்படித் தடை போட்ட முதல் நாடு நாம்தான். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கி கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகவும் எடுத்த காரியம் அது. அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டர்பனில் தமிழன் நிலம் வாங்கக் கூடாது என்றதும் கடையைச் சாத்திய தேசத்தில், பூந்தமல்லிப் பக்கம் தமிழன் ஒருவன் தன் நிலத்தை உழுததற்குக் கடை சாத்தப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷ இடைவெளியில்.

பாய்காட் என்ற சொல்லும் நிலத்திலிருந்து வந்ததே. 1880இல் அயர்லாந்தின் மேயோ பிரதேசத்தில் ஒரு ஜமீன் ஏஜெண்டின் பெயர் அது. குடியானவர்கள் அவருக்கு அறுவடை செய்ய மறுத்தார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். நாம் அதற்கு பகிஷ்காரம் என்று பெயர் வைத்து அந்நியத் துணிக்கு எதிராகக் கொண்டுபோனோம். அதே சொல்லிலிருந்து அம்பேத்கர் 1927இல் தன் பத்திரிகைக்கு ‘பகிஷ்க்ருத் பாரத்’ என்று பெயர் வைத்தார்: விலக்கப்பட்ட பாரதம். சுதேசி மேடையில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அதன் இன்னொரு முகம் உறுத்தியிருக்கும்?

பலவீனன் பலவானை விலக்கினால் நியாயம், பலவான் பலவீனனை விலக்கினால் அநியாயம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். யார் பலவான் என்பது வாசலுக்கு வாசல் மாறுவதால் அது போதவில்லை. இப்போது வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறேன்: விலக்கப்பட்டவனுக்கு வேறு கடை இருந்ததா? கேப்டன் பாய்காட்டுக்கு இருந்தது. அவருடைய அறுவடைக்கு ஆயிரம் சிப்பாய் காவல் வந்தது; அது முடிந்ததும் அவர் அந்த ஊரைவிட்டே போய்விட்டார். எங்கள் கிராமத்தில் ஒரு கடைதான். அந்த ஒற்றைக் கடையில் ‘விற்கவில்லை’ என்பது, கை நீட்டிக் கழுத்தைப் பிடிப்பதற்கு இன்னொரு பெயர் என்றே தோன்றுகிறது.

இதைத் தாத்தாவின்மேல் எழுதுவது சுலபம். நான் அம்பத்தூர்ப் பக்கம் 1983இல் மனை வாங்கினேன். வில்லங்கச் சான்றிதழில் வில்லங்கம் இல்லை. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அடுத்த வருஷம் எங்கள் மனைப்பிரிவுக்கு அடுத்த காலனிக்காரர்கள், இந்த இடமும் டி.சி. நிலம் என்று மனுக் கொடுத்தார்கள். எங்கள் தெரு கூடியது. வக்கீல், பணம், கையெழுத்து என்று பேசினோம். காலனிப் பெண்களை வீட்டு வேலைக்கு வைப்பது பற்றித் தீர்மானம் ஏதும் போடவில்லை. ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவில் அவர்களில் ஒருத்தரும் வேலையில் இல்லை.

எங்கள் வீட்டில் ஏழு வருஷம் பாத்திரம் தேய்த்தவள், ‘நாளையிலேர்ந்து வர வேணாங்களாக்கா?’ என்று என் மனைவியைக் கேட்டாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

2016இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், தலித்துகள்மேல் பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதைக் குற்றம் என்கிறது. கூலிக்கு வைக்க மறுப்பதும் வியாபாரம் செய்ய மறுப்பதும் அதில் அடக்கம். தாத்தாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். என் விஷயத்தில் வக்கீல் சிரிப்பார்: அப்போது சட்டம் இல்லை, எங்களுக்குள் ஒப்பந்தமும் இல்லை, வீட்டுக்கு ஆள் வைப்பது அவரவர் இஷ்டம். அவளுக்கு வேறு கடையும் இருந்தது. ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள், எங்கள் வீட்டில் வாங்கியதைவிடக் கூடுதல் சம்பளம். அப்படியானால் நான் கேட்டுக்கொண்ட கேள்விப்படி நான் தப்பித்துவிட்டேன்.

மனு என்னவாயிற்று என்று தாலுகா ஆபீஸில் ஒருமுறை கேட்டேன். ‘உங்களுக்குப் பட்டா இருக்கில்ல சார், அப்புறம் என்ன?’ என்றார்கள். ‘அ’ பதிவேட்டில் என் சர்வே எண்ணைக் காட்டச் சொல்லியிருக்கலாம். ரிமார்க்ஸ் பத்தியில் ஒரு வரிதான் இருக்கும், பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. அந்த ஆபீஸைத் தாண்டித்தான் தினமும் பஸ் பிடிக்கிறேன்.