'நம்ம ஆளா?' என்று கேட்காதீர்கள்

முத்தையாபுரத்து மக்களே, ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனதாகச் சேதி வந்ததும் நம் தெருக்களில் முதலில் எழும் கேள்வி, 'நம்ம ஆளா?' என்பதுதான். இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இந்த வழக்கத்தை இன்றே விட்டொழியுங்கள். நம் தூத்துக்குடி மாவட்டம் கொடுத்த விலை போதும்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் புகுந்த போலீஸ் படை, தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கியது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர்கள்மீது சுட்டார்கள். 13 உயிர்கள் போயின. குண்டு யாரிடமும் சாதி கேட்கவில்லை. 2020 ஜூன் 19 அன்று கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் ஜெயராஜைக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப்போன மகன் பென்னிக்ஸையும் விடவில்லை. ஸ்டேஷனில் இரவெல்லாம் அடி. மறுநாள் ரிமாண்ட் சடங்கு ஒழுங்காக நடந்தது. காயத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. சில நாட்களில் இருவரும் பிணமானார்கள்.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, கேட்பதற்கு ஆள் வேண்டும். கைதுக்குக் காரணம் கேளுங்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்டு வீட்டாருக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்; அடிபட்டிருந்தால் அங்கேயே வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வழியில்லையா? 15100-ஐ அழையுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும். உப்பளத்துக் கூலிக்காரருக்கும், பிழைக்க வந்த வடமாநிலத் தொழிலாளிக்கும் இதே உரிமைதான்.

கல் எறியாதீர்கள். வாட்ஸ்அப் வதந்தியைப் பரப்பாதீர்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், சொன்னதில் நில்லுங்கள். ஒரு சாட்சி நின்றாலே என்ன நடக்கும் என்று பாருங்கள். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றார். உடல்நலக் குறைவால் இறந்தார் என்றது போலீசின் முதல் அறிக்கை. அந்தப் பொய்யை உடைத்தது, நகராமல் நின்று செல்போனில் படமெடுத்த 17 வயதுப் பெண்.

காக்கி உடுத்திய தம்பி, தங்கச்சிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. மேலதிகாரி கை ஓங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் கடமை சட்டத்துக்கு, சாதிக்கோ அதிகாரிக்கோ அல்ல.

இன்று இரவே யாரையாவது ஜீப்பில் ஏற்றலாம். அவர் எந்தத் தெரு, என்ன சாதி, எந்த மதம் என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நாலு பேராய் ஸ்டேஷனுக்குப் போங்கள், காரணத்தைக் கேளுங்கள், பதில் வரும்வரை வாசலைவிட்டு நகராதீர்கள்.