ஒரு டம்ளர் பால்



புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையைப் பார்த்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவுப்பா?" என்பதுதான். அப்போதெல்லாம் எனக்கு ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் நினைவுக்கு வருவார்.

1947 பிரிவினையில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டெல்லிக்கு வந்து சேர்ந்தவர். டிக்கெட் இல்லாமல் ரயிலேறிச் சிறைக்கும் போனார். அக்கா நகையை விற்று மீட்டார். ராணுவத்தில் சேர மூன்று முறை போனார், மூன்று முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1951-இல், நாலாவது தடவைதான் எடுத்துக்கொண்டார்கள். அவர் தேடிப் போனது ஒரு பிழைப்பு. ஓட்டப்பந்தயம் அவர் கனவில்கூட இல்லை.

செகந்திராபாத் முகாமில் ஒருநாள் புதியவர்களுக்கு ஆறு மைல் ஓட்டம். முதல் பத்துப் பேருக்குள் வந்தால் தனிப் பயிற்சி உண்டு, எடுபிடி வேலை கிடையாது, தினமும் ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் கிடைக்கும். பசியறிந்தவருக்கு அந்தப் பால் பெரிது. ஓடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்து ஓடினார். ஆறாவதாக வந்தார்!

பிறகு 400 மீட்டர் ஓடச் சொன்னபோது, அது எவ்வளவு தூரம் என்றே அவருக்குத் தெரியாதாம். "மைதானத்தை ஒரு சுற்று" என்றார்கள். அந்த ஒரு சுற்றுதான் 1958-இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் தங்கம் தந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். பதக்கம் மயிரிழையில் போனது. ஆனாலும் அன்று அவர் ஓடிய நேரத்தை 38 ஆண்டுகள் எந்த இந்தியரும் மிஞ்சவில்லை.

கால்கள் அவருடையவைதான். ஆனால் வேளைக்குச் சோறும், விடிகாலை விசிலும், "ஓடிப் பார்" என்று சொல்ல ஒரு ஹவில்தாரும் வாய்க்காமல் போயிருந்தால், அந்தக் கால்களை யார் அறிந்திருப்பார்கள்?

என் முதல் வேலை ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. சம்பளம் சொற்பம். ஒற்றுப் பிழையைத் தேடித் தேடிப் பழகிய அந்தக் கண்தான் இன்றும் இந்த மைக் முன்னால் காகிதத்தை வாசிக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த மாதம் முதல் வேலையில் சேர்ந்திருக்கலாம். கூரியர் பையோ, துணிக்கடை கவுன்ட்டரோ, ராணுவ முகாமோ. இன்று இரவு அவன் சாப்பிட உட்காரும்போது, சம்பளத்தை விட்டுவிட்டு, "இன்னைக்கு என்னப்பா கத்துக்கிட்ட?" என்று கேளுங்கள்.