கையின் வயது

முகத்தை வைத்து வயதை மறைத்துவிடலாம், கை காட்டிக்கொடுத்துவிடும். புறங்கைத் தோல் மெல்லியது, அதன் அடியில் கொழுப்பும் குறைவு. முகத்துக்கு சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள்கூடக் கையை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் தோல் எவ்வளவு மூத்திருக்கிறது என்பதை, இடது புறங்கையில் சிலிகோன் அச்சு எடுத்துத்தான் அளந்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாகத் தோல் மூத்திருந்தது. முடிவு வெளியானது 2013இல்.

ஆக, கையை இளமையாக வைத்துக்கொள்ள ஓரளவு முடியும். வெயில் படாம பாத்துக்கணும், கழுவின ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் தடவணும், பாத்திரம் துலக்கும்போது கையுறை போடணும். மிச்சம் பெரும்பாலும் விளம்பரம்.

என் கேள்வி வேறு. இளமையான கை யாருக்குத் தேவைப்படுகிறது?

ஒரகடத்தில் ஓர் ஆலைக்கு மென்பொருள் பராமரிக்கிறேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் சாலையில் வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்களில் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்கள். எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குள் வெயில் கிடையாது, ஏசி உண்டு, விரலுக்கு உறை உண்டு. தோல் மருத்துவர் கேட்பதில் பாதியை ஆலையே செய்துவிடுகிறது. அது அக்கறை இல்லை. விரல் ஈரம் பலகையில் படக்கூடாது, அவ்வளவுதான். சாதாரண க்ரீமையும் அங்கே பூச விடமாட்டார்கள், அதிலுள்ள சிலிகோன் ஒட்டிக்கொண்டால் பூச்சு பிடிக்காது.

கை அப்படியே இருக்கும், ஆனால் அந்தக் கைக்கு வேலை இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள் வெளியே போனபோது முப்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அதற்குள் அவர்களுக்குப் பின்னால் அடுத்த பதினெட்டு வயதுகள் வரிசையில் நின்றன.

டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இருவர் 1981இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பெண்களின் விரல் வேகம் பிறவியில் வருவதில்லை, சிறுவயதிலிருந்து வீட்டில் தையல் போன்ற வேலைகளைப் பழக்கியதால் வருவது. வீட்டில் கற்றது என்பதால் அது திறமைக் கணக்கில் வராது, அதற்குச் சம்பளமும் கிடையாது என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் பூக்கட்டுவதையும் கோலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் குழந்தைகளை உட்காரவைத்தபோதும் இதே சின்ன விரல் நியாயத்தைத்தான் சொன்னார்கள்.

என் சித்தி மகள் இப்படியொரு லைனில் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்ததும் முதல் வேலை கைக்கு க்ரீம். ஏன் என்று கேட்டேன். "அம்மா கை மாதிரி ஆயிடக்கூடாதுணா" என்றாள். சித்தி பக்கத்திலேயே இருந்தாள். கோபப்படவில்லை. "ஆமாப்பா, எங்கையப் பாத்துட்டுத்தானே எல்லாரும் வாடி போடின்னாங்க" என்றாள். நாற்று நட்டு, பிறகு செங்கல் சூளையில் கிடந்த கை அது.

இதை வெற்று அலங்கார ஆசை என்று சொல்ல என்னால் முடியவில்லை. காய்ப்பு விழுந்த கையைப் போற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போல கீபோர்டில் வாழும் மெத்துக் கைக்காரர்கள். என் கை முப்பத்தைந்திலும் வழவழவென்று இருப்பதற்கு நான் எதுவும் செய்யவில்லை. கையைப் பார்த்து ஆளை எடைபோடும் ஊரில், அவள் தன் கையைக் காப்பாற்றிக்கொள்வது மானப்பிரச்சினை. தப்பு க்ரீமில் இல்லை. இளமையைத் தகுதியாகக் கேட்டு வாங்கி, அது தீர்ந்ததும் ஆளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கிறது.

மூத்த கைக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. 2020இலிருந்து ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கணும். "ரேகையே தேஞ்சுபோச்சு தம்பி, மெஷினுக்கு என்னைத் தெரியல" என்பாள் சித்தி. காய்ந்த விரலில் கொஞ்சம் ஈரப்பசை இருந்தால் சில சமயம் எடுத்துக்கொள்ளும். அதனால் கடைக்குக் கிளம்பும்முன் மகளின் க்ரீமில் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துக்கொள்கிறாள். அதுக்கும் எடுக்கலன்னா ஓடிபி. அது வருவது மகளின் போனுக்கு. பகல் ஷிப்ட் என்றால் அந்த போன் ஆலை லாக்கரில் பூட்டியிருக்கும்.